ஸ்வால்பார்ட் கப்பலில் போனால் கரடி நிச்சயமா?

இரவல்கண்ணாடி, 3 ஆகஸ்ட் 2025, மாலை 6.15

வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளைக் கப்பலில் சுற்றி வந்தவர்கள் யாராவது இங்கே உண்டா? ஜூலையில் போனால் பனிக்கரடி கட்டாயம் தென்படும் என்கிறார் ஏஜென்ட். ஆளுக்கு ஏழு லட்சம் கேட்கிறார். அந்தக் காசுக்குக் கென்யா போனால் சிங்கத்தையே ஜீப்புக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு வரலாம். குளிரில் போய் வெறும் ஐஸைப் பார்த்துத் திரும்புவது ஏமாளித்தனம் என்பது என் கட்சி. தப்பென்றால் சொல்லுங்கள்.

நெல்லைவாசி, 3 ஆகஸ்ட், இரவு 11.20

போன வாரம்தான் அங்கிருந்து திரும்பினேன். ஜூலை 17 அன்று அங்குள்ள பெரிய ஊரான லாங்கியர்பியனில் ஏறி, 27 அன்று அங்கேயே இறங்கினோம். கூட வந்தது அக்கா. கப்பலுக்கு மட்டும் ஆளுக்கு 6.5 லட்சம்.

கரடி மூன்று பார்த்தேன். 500 மீட்டருக்குள் நெருங்கக் கூடாதாம், எட்டவே நிறுத்திவிட்டார்கள். என் கேமராவில் விழுந்தது சோற்றுப் பருக்கை அளவில் ஒரு மஞ்சள் புள்ளி. ஆறரை லட்சத்துக்குப் பருக்கை பார்த்தவன் என்று வீட்டில் பெயரும் வாங்கியாகிவிட்டது.

கட்டாயம் என்று சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். கப்பலில் இருக்கும் வழிகாட்டிகள் ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

4 ஆகஸ்ட், அதிகாலை 4.50

தூக்கம் இன்னும் சரியாகவில்லை. பத்து நாள் இருட்டையே பார்க்காத கண். லாங்கியர்பியனில் ஏப்ரல் 20 வாக்கில் மேலே ஏறும் சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் முதன்முதலாக அடிவானத்துக்குக் கீழே போகும். கேபின் ஜன்னலுக்குத் திரை இருக்கிறது. ஆனால் அறிவிப்பு வந்தால் ராத்திரி இரண்டு மணியென்றும் பாராமல் எழுந்து ஓட வேண்டும்.

இது நாளுக்கொரு ஊர் என்று போகும் கப்பல் இல்லை. எங்கள் கப்பலில் சுமார் நூறு பேர்தான். நாளைக்கு எங்கே என்பது இன்று சாயங்காலம்தான் தெரியும், அதுவும் காலையில் மாறும். மூடுபனி, காற்று, கடற்பனி மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. கரைக்குப் போவது சோடியாக் என்கிற ரப்பர் படகில். ஏறும்போது படகுக்காரரின் கையைப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். ஈரக் கையுறை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. முதலில் துப்பாக்கியோடு வழிகாட்டிகள் இறங்கி மேடு பள்ளமெல்லாம் பார்த்து, கரடி இல்லை என்று சொன்ன பிறகுதான் நமக்கு முறை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அப்படியும் அக்காவின் பூட்ஸுக்குள் இரண்டு முறை கடல் புகுந்தது.

4 ஆகஸ்ட், மாலை 5.30

விசா பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்வால்பார்ட்டுக்கென்று விசா கிடையாது, யாரும் போகலாம். ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், நாங்கள் ஓஸ்லோ வழியாகப் போனோம். நார்வே ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. ஆகவே ஓஸ்லோவிலிருந்து பறந்ததும் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது மறுபடி நுழைய வேண்டுமே! ஒற்றை நுழைவு விசாவோடு போனால் மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் ஏஜென்ட் ஒற்றை நுழைவுக்குத்தான் விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தார். அக்கா கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

அவரே கொடுத்த வழவழப் பிரசுரத்தில் இருந்த இரண்டு இடங்களில் நாங்கள் இறங்கவே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் விதிகள் மாறிவிட்டன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மொத்தம் 43 இடங்களில் மட்டும் இறங்கலாம், 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் உள்ளேயே வரக் கூடாது, ட்ரோன் கிடையாது. பழைய பிரசுரத்தை வைத்துப் புதுக் காசு வாங்கிவிட்டார். போனில் கேட்டேன். "சார், இயற்கை சார்" என்றார்.

மச்சினன் மகனிடம் இரவல் வாங்கிய ட்ரோன் பத்து நாளும் பெட்டியிலேயே தூங்கியது.

5 ஆகஸ்ட், இரவு 9.10

திருத்தம். மூன்று கரடி என்று எழுதியிருந்தேன். படங்களைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்ததில் இரண்டாவது கரடி ஒரு கல். அந்தக் கல்லை அன்றைக்கு நாற்பது பேர் முக்கால் மணி நேரம் பார்த்தோம். ஒருவர் அது காதை ஆட்டியது என்றுகூடச் சொன்னார். வழிகாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் புரிகிறது.

ஆக, கரடி இரண்டு.

6 ஆகஸ்ட், இரவு 10.30

இன்னொரு திருத்தம். 500 மீட்டர் என்றது மார்ச் 1 முதல் ஜூன் 30 வரைக்கும். மற்ற மாதங்களில் 300. நாங்கள் போனது ஜூலை, ஆக 300 மீட்டர்தான் விதி. கேமரா கோபத்தில் 200 மீட்டர் கூட்டிச் சொல்லிவிட்டேன்.

இரவல்கண்ணாடி, "300 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்கு உயிரியல் பூங்காவே போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலில் இருந்தபோது நானும் இதையேதான் கேட்டேன். அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஜூலை 22, ராத்திரி 2.10. வடக்கே கடற்பனியின் ஓரத்தில், ஏறக்குறைய 81 பாகை வட அட்சரேகையில் நிற்கிறோம். அறிவிப்பு வந்ததும் அக்கா நைட்டிக்கு மேல் ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா, அப்படியே மேல்தளத்துக்கு வந்துவிட்டாள். வெயில் பளீரென்று அடிக்கிறது. "அந்த நீலப் பாளத்துக்கு இடப்பக்கம்" என்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் நீலப் பாளம்தான், எதற்கு இடப்பக்கம்? இருபது நிமிடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. அத்தனை வெள்ளைக்கு நடுவில் வெள்ளையாக இல்லாதது அது ஒன்றுதான். பழைய நெய்யின் நிறம். சீல் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. தின்ற இடத்தில் சிவப்பு. சுற்றி நாலைந்து தந்தநிறக் கடற்காகங்கள், எச்சில் சோற்றுக்குக் காத்திருப்பவை.

கொஞ்ச நேரம் கழித்து அது மூக்கைத் தூக்கியது. காலையுணவுக்குக் கப்பல் அடுப்படியில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது, காற்று எங்களிடமிருந்து அதன் பக்கம் வீசியது. சீலை விட்டுவிட்டு எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அவசரமே இல்லை. முன்னங்கால் இரண்டும் சற்று உள்பக்கம் திரும்பி, தண்ணீர்க் குடம் சுமப்பவர் போல ஆடி ஆடி. எல்லோரும் மூச்சுகூட விடவில்லை. சரி, இதோ வருகிறது, நம் படம் நம்மைத் தேடி வருகிறது என்று நான் நினைத்த நேரம், காலடியில் ஒரு அதிர்வு. கேப்டன் கப்பலைப் பின்னால் எடுக்கிறார்! கரடி நெருங்கினால் கப்பல் விலகியே ஆக வேண்டும், அதுவும் விதி. எனக்கு வந்த கோபத்தைத் தமிழில் சொல்லித் தீர்த்துக்கொண்டேன், புரிந்தது அக்கா ஒருத்திக்குத்தான்.

காலையில் வழிகாட்டியிடம் பொருமினேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: கப்பல் வாசனை என்றால் சாப்பாடு என்று பழகிய கரடி, அடுத்த முறை ஆள் இறங்கும் கரைக்கு வரும். 2018 ஜூலையில் வடகோடியில் உள்ள ஏழு தீவுகளில் அப்படியொரு மோதல் நடந்தது. பயணிகளை இறக்குவதற்கு முன் கரையைப் பார்க்கப் போன காவலரைக் கரடி தாக்கியது, மற்றவர்கள் அதைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கரடி கப்பல் வாசனைக்குப் பழகியதா என்பதல்ல அவர் பேச்சு. ஆளும் கரடியும் ஒரே கரையில் நின்றால் முடிவு எப்படி இருக்கும் என்பதுதான். அங்கே 1973இலிருந்து கரடி வேட்டைக்குத் தடை.

கோபம் போய்விட்டதா என்றால், பாதி போனது.

7 ஆகஸ்ட், காலை 6.40

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள். "கரடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கே. வில்லோவைப் பற்றி ஒரு வரி இல்லை."

அக்கா முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். கரடிக்காக வரவே இல்லை. முதல் நாள் இறங்கியதும் எல்லோரும் தொலைநோக்கியை மலைப்பக்கம் திருப்பினார்கள், இவள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். துருவ வில்லோ அங்கே ஒரு மரம். உயரம் சில சென்டிமீட்டர். கிளையெல்லாம் பாசிக்கடியில் படுத்துக் கிடக்கும், மேலே தெரிவது கட்டைவிரல் நகமளவு இரண்டு இலையும் ஒரு பூக்கதிரும். "நாம் இப்போது காட்டுக்கு மேலே நிற்கிறோம்டா, ஓரமா வா" என்று என்னைக் கல் மேல் ஏற்றிவிட்டாள். அப்புறம் ஸ்வால்பார்ட் பாப்பி. காகிதம் மாதிரி இதழ், வெள்ளையும் மஞ்சளும், காற்றில் தண்டு தரையோடு தரையாகப் படுத்து எழுகிறது. ஒரு பூவுக்கு அவள் செலவழித்த நேரம், கரடிக்கு நான் செலவழித்ததைவிட அதிகம்.

இதைக் கேட்டு நாலு வெளிநாட்டுப் பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாம் நாளிலிருந்து அவர்களுக்குத் தனிக் குழு, தனி வழிகாட்டி. மெதுவாக நடப்பவர்கள் குழு என்று அறிவித்தார்கள். அதில்தான் கூட்டம் அதிகம்.

8 ஆகஸ்ட், மாலை 4.00

குமட்டலுக்குப் போடும் அவோமின் மாத்திரை வேலை செய்ததா என்று ஒருவர். செய்தது, ஆனால் முழுநாளும் தூங்கி வழிந்தேன். உள்குடாக்களில் கடல் குளம் மாதிரி. மேற்குக் கரையை விட்டு வெளியே வந்தால்தான் ஆட்டம். அன்று துடுப்புத் திமிங்கிலம் இரண்டு ஊதியதாம், நான் பாத்ரூமில் இருந்தேன்.

சைவம் கிடைக்கிறது. காரம் கிடைக்காது. ஊறுகாய் கொண்டுபோங்கள்.

9 ஆகஸ்ட், இரவு 11.45

கென்யாவோடு ஒப்பிட்டவருக்காக இன்று பறவைப் பாறை.

ஹின்லோபன் நீரிணையில் அல்கஃபியெலட் என்று ஒரு செங்குத்துச் சுவர், கருங்கல் தூண்களை நிறுத்தி அடுக்கினாற்போல. நூறு மீட்டர் உயரம். அதில் சுமார் 60,000 ஜோடி பிரூனிக் கில்லிமோட். பார்ப்பதற்குக் குட்டிப் பென்குயின் போல இருந்தாலும் இவை பறக்கும். கூடு கிடையாது, வெறும் பாறை விளிம்பில் ஒரே முட்டை. ஒரு பக்கம் கூர்த்த பேரிக்காய் வடிவம்.

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நாற்றம் வந்தது, அதற்கு முன்னாலேயே சத்தம். கோயில் கொடையில் நாலைந்து ஒலிபெருக்கி ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டுப் போட்டால் எப்படியிருக்கும், அது. படகில் வாயைத் திறந்து மேலே பார்க்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

குஞ்சுகள் குதிக்கத் தொடங்கும் நேரம் அது. மூன்று வாரக் குஞ்சு, சிறகு இன்னும் முளைக்கவில்லை, பறக்கத் தெரியாது. தந்தைப் பறவை கீழே தண்ணீரில் இருந்து கூப்பிடும். குஞ்சு விளிம்பில் நின்று தலையை ஆட்டும், ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால். நான் பார்த்த குஞ்சு இப்படி ஆறு தடவை வந்து வந்து போனது. அப்புறம் குதித்தது என்று சொல்ல முடியாது, விழுந்தது. இறக்கை என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் குச்சிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு சாய்வாக வந்து, எங்கள் படகுக்கு நாலு மீட்டர் தள்ளித் தண்ணீரில் பொத்தென்று மோதியது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பந்து போல மேலே வந்து கீச்சென்றது. அத்தனை ஆயிரம் குரலுக்கு நடுவில் அப்பன் அந்த ஒரு குரலைப் பிடித்து நேராக நீந்தி வந்தது. இரண்டும் கொஞ்ச நேரம் அலகோடு அலகு உரசிக்கொண்டன, பிறகு கடலைப் பார்த்துக் கிளம்பின. இனி பல வாரம் நீச்சல்தான், தாய் கூட வராது.

அடுத்ததாகக் குதித்த குஞ்சு தண்ணீருக்கு வரவில்லை. பாதி வழியில் பெரிய கடற்காகம் ஒன்று தூக்கிப்போனது.

படகில் பத்துப் பேர். கேமராவை யார் எப்போது கீழே வைத்தார்கள் என்று தெரியவில்லை. என்னிடம் அந்த இரண்டு குஞ்சுக்கும் படம் கிடையாது.

10 ஆகஸ்ட், மதியம் 1.20

"அந்த ஊரில் சாவதற்கே தடையாமே" என்று ஒருவர் போட்டிருக்கிறார், 14 பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறீர்கள். ஆமாம், நானும் கேள்விப்பட்டேன்.

10 ஆகஸ்ட், இரவு 8.00

இல்லை, தப்பு. அப்படியொரு சட்டம் கிடையாது. நிரந்தர உறைமண்ணில் சவப்பெட்டி மேலே மேலே தள்ளப்பட்டு வரும், உடல் மக்காது, அதனால் 1950 வாக்கிலிருந்து அங்கே பெட்டியோடு புதைப்பதில்லை. அஸ்திக் கலசம் புதைக்கலாம். பூனை வளர்க்கத்தான் தடை, பறவைகளுக்காக. மதியம் நான் போட்ட "ஆமாம்" செல்லாது, அதற்கு விழுந்த விருப்பங்களையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

11 ஆகஸ்ட், இரவு 10.15

சாவு என்றதும் ஆண்ட்ரே நினைவு. சாலமன் ஆண்ட்ரே என்ற சுவீடன்காரர் 1897 ஜூலை 11 அன்று இதே ஸ்வால்பார்ட்டின் டான்ஸ்கோயா தீவிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் வட துருவம் பார்க்கக் கிளம்பினார், கூட இரண்டு பேர். மூன்றே நாளில் பலூன் பனியில் இறங்கிவிட்டது. பிறகு மாதக் கணக்கில் பனிமேல் நடை. அவர்கள் தெற்கே நடக்க, பனிப்பாளம் வேறு பக்கம் மிதந்தது. அக்டோபரில் க்விட்டோயா தீவில் ஏறினார்கள், அங்கேயே முடிந்துவிட்டது. 33 வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 1930இல் ஒரு நார்வே கப்பல் தற்செயலாக உடல்களையும் நாட்குறிப்பையும் கண்டெடுத்தது, பின்னாலேயே போன இன்னொரு கப்பலுக்குப் படச்சுருள்களும் கிடைத்தன. அந்தச் சுருளைக் கழுவியபோது படம் வந்தது. பனியில் சாய்ந்து கிடக்கும் பலூன், பக்கத்தில் இரண்டு பேர் சும்மா நின்று அதைப் பார்க்கிறார்கள். கப்பலின் விரிவுரை அறையில் அந்தப் படத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். என் மஞ்சள் பருக்கையை நினைத்துக்கொண்டேன்.

ஆண்ட்ரே கிளம்பிய தீவுக்குப் பக்கம்தான் ஸ்மீரன்பர்க். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கிலக் கொழுப்பு உருக்கிய இடம். பெயரைத் தமிழாக்கினால் கொழுப்பூர். சிந்திய எண்ணெயும் மணலும் இறுகி, அடுப்பு இருந்த வட்டம் இன்றும் சிமென்ட் போல் நிற்கிறது. அவர்கள் அடித்த வில்தலைத் திமிங்கிலம் அந்தக் கடலில் ஏறக்குறைய அற்றே போனது. வால்ரஸையும் விடவில்லை, 1952இல்தான் தடை வந்தது. அவை இப்போது திரும்பி வருகின்றன. மாட்டுத்தொழுவத்தில் மீன் உலர்த்திய மணம், இருபது முப்பது ஒன்றன்மேல் ஒன்று படுத்து, தந்தத்தால் பக்கத்துக்காரனை இடித்துக்கொண்டே தூக்கம். நெரிசலான பாசஞ்சர் ரயில்தான்.

13 ஆகஸ்ட், காலை 9.30

இந்திய ஆராய்ச்சி நிலையம் பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: பார்த்தோம், வெளியிலிருந்து. நி-ஓலசுண்ட் என்ற ஆராய்ச்சி ஊரில் ஹிமாத்ரி, 2008 ஜூலையில் திறந்தது. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஒரு தரப்பு, வெள்ளைக்காரன் காலத்திலேயே. அந்த ஊரில் கருவிகளுக்கு இடைஞ்சல் என்று வைஃபை, புளூடூத் எல்லாம் அணைக்கச் சொல்கிறார்கள். வாசலில் கல் சிங்கம் இருந்த கட்டடம்தான் நம்முடையது என்று நான் அதற்கு முன்னால் நின்று படமெடுத்துக் குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டேன். அது சீன நிலையம்.

அங்கே ஆர்க்டிக் ஆலாக்கள் தெருவிலேயே முட்டையிடுகின்றன. தலைக்கு மேல் குச்சியைத் தூக்கிப்பிடித்து நடக்க வேண்டும், உயரமானதைத்தான் கொத்தும். கையில் வைத்தால் எடையே தெரியாத பறவை, வருஷா வருஷம் அண்டார்டிகா போய் வருவது, என் தலையில் ரத்தம் வரக் கொத்தியது. குல்லாவோடு சேர்த்து.

14 ஆகஸ்ட், இரவு 11.00

"ஐஸ் உருகுவதைப் பார்க்க டீசல் எரித்துப் போகிறீர்கள், கூச்சமாக இல்லையா?" கேள்வி நியாயம். பதில் என்னிடம் இல்லை. 2022இலிருந்து அந்தக் கடலில் கனரக எண்ணெய்க்குத் தடை, எங்கள் கப்பல் எரித்தது லேசான டீசல் என்றெல்லாம் சொல்லலாம். டீசல் டீசல்தான்.

மொனாகோ பனியாற்றின் முன்னால் நின்றபோது கப்பலை ஓட்டும் அறைக்குப் போய்ப் பார்க்க விட்டார்கள். வரைபடத் திரையில் எங்கள் கப்பல் கடலில் இல்லை. நல்ல கெட்டியான பனியாற்றுக்கு நடுவில் நின்றது. வரைபடம் போட்ட காலத்தில் அங்கே பனி இருந்திருக்கிறது. ஜன்னலில் தண்ணீர், திரையில் பனி. மாலுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆழமானியைப் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி போவாயா என்று அக்காவைக் கேட்டேன். "ஜூன் கடைசியில் போனால் சாக்ஸிஃப்ரேஜ் பூத்திருக்கும்" என்றாள். இது போவேன் என்றா, மாட்டேன் என்றா?

16 ஆகஸ்ட், மாலை 7.20

கடைசியாக ஒருவர், "முதல் நாள் துணியையெல்லாம் வாக்குவம் போட்டு உறிஞ்சுவார்களாமே, உங்களிடம் ஏதாவது சிக்கியதா" என்று கேட்டிருக்கிறார். இதை எழுத வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

விதை பரவக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சோதனை. 2008இல் லாங்கியர்பியனுக்கு விமானத்தில் வந்த 259 பேரின் செருப்பு, ஷூக்களைச் சோதித்ததில் ஆயிரத்துக்கும் மேல் விதை கிடைத்ததாம், அதில் கால்வாசி முளைத்தும் காட்டியது. எங்கள் கப்பலில் பெரிய அறையில் வரிசையாக உட்கார்ந்து பாக்கெட், பட்டை, லேஸ் எல்லாவற்றையும் உறிஞ்சி, இடுக்கியால் நோண்டினோம். என்னுடையது சுத்தம். அக்காவின் கால்சட்டை மடிப்பில் வழிகாட்டி இடுக்கியை விட்டு எதையோ இழுத்தார். வெளுத்த, கூரான, இரண்டு விதைகள்.

"டேய், நாயுருவி" என்றாள் அக்கா மெதுவாக. ஊரில் கிளம்பும் முன் வாய்க்கால் கரைப் பக்கம் போய் வந்த கால்சட்டை. தாவரவியல் டீச்சர்!

வழிகாட்டிப் பெண் என்ன செடி என்று கேட்டார். அக்கா வெட்கத்தை விட்டுவிட்டு வகுப்பே எடுத்தாள். ஒட்டிக்கொண்டு போவதுதான் அதன் பிழைப்பு, வேரால் எங்கள் பக்கம் பல் துலக்குவார்கள், இந்தக் குளிரில் ஒரு நாள்கூடத் தாங்காது. அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். விதைகளைச் சின்ன உறையில் போட்டு மூடினார். பிறகு அக்காவிடம், இன்னொரு கால்சட்டை இருக்கிறதா, அதையும் கொண்டு வாருங்கள் என்றார்.